ஈய முத்திரை

சில நாட்களுக்கு முன் என் பேரனுடைய சின்ன ரயில் இன்ஜினின் அடித்தகட்டை என் மகன் திருகிக் கழற்றி, உள்ளே இருந்த பல்சக்கரங்களுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டபோது சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எழுந்த இலேசான யந்திர வாசனை, பெங்களூர் அடுகோடியில் எங்கள் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் அப்பாவுக்காக நான் காத்திருந்த சாயங்காலங்களையெல்லாம் ஒரே க்ஷணத்தில் கண்முன் கொண்டுவந்துவிட்டது. அப்பாவின் காக்கிச் சட்டையில் அந்த வாசனை எப்போதும் உண்டு. அம்மா சவுக்காரம் போட்டு எத்தனை கசக்கினாலும், நாள் முழுவதும் வெயிலில் உலர்த்தினாலும் அது போனதே இல்லை. டீசல் பம்புகளைப் பரிசோதிக்கும் எண்ணெயின் வாசனை அது என்பது எனக்கு விவரம் தெரிந்த பிறகுதான் தெரிந்தது.

ஹோசூர் சாலையின் நெரிசலில் இன்று மணிக்கணக்காக நிற்பவர்களுக்கு அந்தக் கால அடுகோடியை வர்ணித்தால் நம்புவது கடினம். கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்து வரும் லாரிகள் போலீஸ் குவார்ட்டர்ஸைத் தாண்டும்போது எங்கள் திண்ணையிலிருந்தே அவற்றின் சத்தத்தைக் கேட்டு, ஏற்றிய பாரம் அதிகமா குறைவா என்று சொல்லிவிடலாம். அவ்வளவு அமைதி. அந்த வட்டாரத்துக்கெல்லாம் ஜீவநாடியாக இருந்தது மைகோ. 1951-இல் ஆரம்பமான மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு ஸ்பார்க் பிளக்கும் டீசல் இன்ஜின்களுக்கான எரிபொருள் பம்பும் அங்கே தயாராயின. 2008-இல் கம்பெனி பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிய பின்பும், எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர்களிடம் மைகோ என்று சொன்னால்தான் வண்டி சரியாகப் போய்ச் சேரும். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் உத்தியோகம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் தெருவில் பல இருந்தன. வாசலில் தமிழும், குழாயடியில் கன்னடமும், கடைக்காரரிடம் இரண்டும் கலந்த ஒரு பாஷையுமாக நாங்கள் வளர்ந்தோம்.

அப்பாவுக்கு பம்ப் பரிசோதனைப் பிரிவில் வேலை. பெரியப்பாவும் அதே ஆலையில்தான் இருந்தார். அவரை ஒரு சமயம் பயிற்சிக்காக ஸ்டுட்கார்ட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்போது, அந்த நகரத்துக்குச் சமீபத்தில் உள்ள கோப்பிங்கன் என்ற ஊரில் தயாரான மெர்க்லின் ரயில் செட் ஒன்றை அவர் பெட்டியின் அடியில் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார். கறுப்பு நீராவி இன்ஜின் ஒன்று, பச்சைப் பெட்டிகள் சில, ஜல்லி படம் அச்சடித்த தகரத்தின்மேல் பதித்த தண்டவாளங்கள், இவற்றோடு சிவப்புக் குமிழ் வைத்த நீல டிரான்ஸ்பார்மர். அங்கேயும் வீட்டு மின்சாரம் 220 வோல்ட்டாக இருந்தபடியால் பிளக்கை மாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சிவப்புக் குமிழை வலப்பக்கம் திருப்பத் திருப்ப இன்ஜினுக்குப் போகும் வோல்டேஜ் ஏறும், வண்டி வேகம் பிடிக்கும். சூன்யத்துக்கும் கீழே இடப்பக்கம் தள்ளினால் ‘டக்’கென்று ஒரு சப்தம் கேட்கும், இன்ஜின் திசை மாற்றிக்கொள்ளும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வந்தால் அன்று மாலைக்குள் அது தரையில் கிடக்கிறது. அப்போது அப்படியில்லை. அந்த ரயில் வருஷம் முழுவதும் பெரியப்பா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு மேல் தட்டில் உறங்கும். நவராத்திரிக்கு கொலு வைக்கும்போது மட்டும் வெளியே வரும். படிகளுக்கு முன்னால் ஆற்று மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி அமைக்கும் பூங்காவைச் சுற்றி அந்தத் தண்டவாளம் ஓடும். தசாவதார செட்டையும் மரப்பாச்சியையும் செட்டியார் கடையையும் பார்க்க வருகிறவர்கள் வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு போவதற்கு முன் ஒரு தரம் ரயிலையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்துத் தெருக்களிலிருந்துகூட, முன்பின் தெரியாத குழந்தைகள் சுண்டல் என்ற சாக்கில் வருவதுண்டு. எல்லோருக்கும் அந்தச் சிவப்புக் குமிழை ஒரு தடவையாவது தொட்டுவிட வேண்டும்.

அங்கேதான் தொந்தரவு ஆரம்பித்தது. குழந்தையின் கையில் ஒரு குமிழ் கிடைத்தால் அது கடைசி வரை திரும்பும். பாதியில் நிறுத்துவது பெரியவர்களுக்குக்கூட அனுபவத்தால் வருவதே தவிர, பிறவியில் வருவதல்ல. அந்தத் தண்டவாளத்தின் வளைவு ஆரம் 36 சென்டிமீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சிறுத்த உலகத்தில் அது நிஜத்தின் 31 மீட்டருக்குச் சமம். நம் அகலப்பாதையில் அனுமதிக்கும் மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர் ஆரம் என்பதோடு ஒப்பிட்டால், கொலு ரயில் திரும்பிய வளைவு அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு வருஷம், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எதிர் வீட்டுக் கன்னடக்காரர் பையன் குமிழைப் பிடித்தான். அவன் பாட்டி பின்னால் நின்றுகொண்டு, “நிதானா மகு, நிதானா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இன்ஜின் தசாவதாரத்தின் கீழ்ப் படியை உரசி, கூர்மாவதாரத்தைச் சாய்த்து, சிவப்பு சிமெண்ட் தரையில் பக்கவாட்டாகச் சறுக்கிக்கொண்டு வாசற்படி வரை போய்விட்டது. பையன் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது. பெரியம்மா அவனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கை சுண்டல் கொடுத்துச் சமாதானப்படுத்தினாள். பெரியப்பா ஒன்றும் பேசாமல் ரயிலைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, “இனிமே பெரியவங்கதான் ஓட்டணும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அந்தத் தீர்ப்பை அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. அண்ணனுக்கு எதிரே பேசும் வழக்கம் அவரிடம் கிடையாது. ஆகவே மறுநாள் ஜே.சி. ரோட்டுக்குப் போய்ச் சில சில்லறைச் சாமான்கள் வாங்கி வந்தார். டிரான்ஸ்பார்மரின் உடலில் துளை எதுவும் போடாமல், அதைச் சுற்றி ஒரு பித்தளைப் பட்டையை இறுக்கினார். அந்தப் பட்டையின்மேல் சிறு தூண் ஒன்றும், அதில் ஒரு திருகாணியும் வைத்தார். குமிழ் குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் திருகாணியின் நுனியில் இடித்து நின்றுவிடும். பெட்டிகளைக் கோத்து, வண்டியை வளைவில் பல தரம் ஓட்டிப் பார்த்து, எந்த வேகத்தில் கடைசிப் பெட்டியின் உட்பக்கச் சக்கரம் தூக்க ஆரம்பிக்கிறது என்பதைத் தரையோடு தலையை வைத்துக் கவனித்து, அதற்கு நன்றாகவே கீழே திருகாணியை நிறுத்தினார். பிறகு அதன் தலையில் இருந்த துளை வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி முறுக்கி, நுனியில் ஈயக் குண்டு ஒன்றை வைத்துக் குறட்டால் நசுக்கி முத்திரையிட்டார். பெரியப்பாவிடம் டிரான்ஸ்பார்மரை நீட்டி, “இப்ப யாரு வேணா ஓட்டட்டும்ணா. கை எவ்வளவு வேணா திரும்பட்டும், வண்டி ஓட வேண்டியதுதான் ஓடும்” என்றார்.

அந்த முத்திரையின் அர்த்தம் அதே வாரத்தில் எனக்கு விளங்கியது. ஆயுத பூஜையன்று தொழிலாளர்களின் குடும்பங்கள் ஆலைக்குள் போய்ப் பார்க்கலாம். அன்றைக்கு மட்டும் பெண்கள் பட்டுடுத்தி, குழந்தைகளைக் கைப்பிடித்து, யந்திரங்களுக்கு நடுவே கோவில் பிராகாரத்தில் நடப்பதுபோல் நடப்பார்கள். ஒவ்வொரு யந்திரத்துக்கும் மாவிலைத் தோரணம், சந்தனம், குங்குமம். வாசலில் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு. அப்பா தம்முடைய பரிசோதனை மேடைக்கு என்னை அழைத்துப் போய் விளக்கினார். ஒரு மோட்டார் பம்பைச் சுழற்றும். நாசில்களிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் எதிரே வரிசையாக நிற்கும், அளவுக்கோடுகள் போட்ட கண்ணாடிக் குழாய்களில் சேரும். எல்லாக் குழாய்களிலும் மட்டம் ஒன்றுபோல் நிற்க வேண்டும், ஏற்ற இறக்கம் கூடாது. சுழற்சி ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் குழாய்களில் விழுவது தானே குறைந்து நின்றுபோக வேண்டும். அப்படி நிறுத்துவது பம்பின் பின்புறத்தில் இருக்கும் கவர்னர். அதனுள் இருக்கும் எடைக்கட்டிகள் வேகம் ஏற ஏற ஸ்பிரிங்கை எதிர்த்து வெளியே விரிந்து, ராக் என்னும் பல்தண்டைப் பின்னுக்கு இழுத்து, இன்ஜினுக்குப் போகும் டீசலைக் குறைக்கும். உச்ச வேகத்தைத் தீர்மானிக்கும் திருகாணியின் தலையில், எங்கள் டிரான்ஸ்பார்மரில் பார்த்த அதே முறுக்குக் கம்பியும் ஈய முத்திரையும் இருந்தன. ஹோசூர் சாலையில் வரும் லாரியின் டிரைவர் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் இன்ஜின் தன்னைத்தானே சிதறடித்துக்கொள்ளாமல் காப்பது அந்த ஒரு திருகாணிதான் என்று அப்பா சொன்னபோது, அவர் குரலில் இருந்த கௌரவம் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

ஆனாலும் அப்பாவின் பித்தளைப் பட்டை ஒரு குறையைக் கூடவே கொண்டுவந்தது. குமிழின் முழு வட்டத்தில் பாதிதான் இப்போது திரும்பும். மெதுவான ஓட்டத்துக்கும் உச்ச ஓட்டத்துக்கும் நடுவே கைக்குக் கிடைத்த இடம் குறுகிப்போயிற்று. பெட்டிகள் அதிகமானால் வண்டி திணறும், ஒரு பெட்டியை மட்டும் கோத்தால் மறுபடியும் வேகம் கூடும். திருகாணி கட்டுப்படுத்தியது குமிழை மட்டுமே; வண்டியின் உண்மையான வேகம் என்ன என்பது அதற்குத் தெரியாது. அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும். “நிஜ கவர்னர்னா வண்டிக்குள்ளேயே இருக்கணும்டா. இத்தனூண்டு இன்ஜினுக்குள்ள அதை எங்க வைக்கிறது?” என்று ஒரு முறை சொன்னார்.

வருஷங்கள் பல ஓடிவிட்டன. பெரியப்பாவின் காலத்துக்குப் பின் ரயில் செட் அவர் மகளோடு வேறு ஊருக்குப் போயிற்று. ஆலையின் உற்பத்திப் பிரிவுகள் பிடதிக்குப் போய்விட, அடுகோடி வளாகம் 2022-இல் ஸ்பார்க் நெக்ஸ்ட் என்ற புதிய பெயரோடு கண்ணாடிக் கட்டடங்களாக எழுந்து நிற்கிறது. எங்கள் ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி; அதில் ஒரு மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம். நடுவே ஒரு தடவை புனே நகருக்குப் போயிருந்தபோது, கோத்ரூடில் பாவ்சாஹேப் ஜோஷி என்பவர் ஆயுள் முழுவதும் உழைத்து உருவாக்கிய சின்ன ரயில் அருங்காட்சியகத்தைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. 1998 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்த அந்தக் கூடத்தில், ஒரு முழு நகரத்தினூடே ரயில்கள் ஒன்றையொன்று கடந்து ஓடும் அழகு வர்ணனைக்கு அடங்காது. ஆயினும் அங்கே வண்டிகளை ஓட்டுவது பயிற்சி பெற்றவரின் கை, பார்வையாளர்கள் கண்ணால் பார்த்ததோடு சரி. பொதுக்காட்சிக்கு அதுவே உசிதம். வீட்டு ரயிலின் தர்மம் வேறு, அது குழந்தையின் கைக்குப் போயாக வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அப்பா இடம் கிடைக்காது என்று சொன்ன அந்த யந்திரத்தை நான் என் மகனுடைய மேஜையில் கண்டேன். இப்போதைய மாதிரி ரயில்கள் பலவற்றில் வேகத்துக்காகத் தண்டவாளத்தின் வோல்டேஜை ஏற்றி இறக்குவதில்லை. முழு மின்சாரமும் சதா தண்டவாளத்தில் இருக்கும். அதன் துடிப்புகளின் நீளத்தில் கட்டளை ஒளிந்திருக்கும்: ஒரு துடிப்பின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடியானால் ஒன்று, 100 ஆனால் பூஜ்யம். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் விரல் நகத்தளவில் இருக்கும் டிகோடர், தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் படித்துத் தன் மோட்டாரை ஓட்டும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த இந்த முறையை அமெரிக்க மாதிரி ரயில்காரர்களின் சங்கம் 1990-களில் பொது நியமமாக ஆக்கியது. ஆகையால் இந்த நியமப்படி அமைந்த எந்தத் தேசத்து இன்ஜினும் எந்தத் தேசத்துக் கண்ட்ரோலருக்கும் கீழ்ப்படிகிறது. டிகோடரின் நினைவில் எண்ணிட்ட சிறு அறைகள் உண்டு, சி.வி. என்பார்கள். முதல் அறையில் முகவரி, இரண்டாவதில் கிளம்பும் வேகம், ஆறாவதில் நடு வேகம். ஐந்தாவதில்தான் உச்ச வேகம் இருக்கிறது.

பேரனுக்கு மகன் செய்து கொடுத்தது அமெரிக்க ஆல்கோ இன்ஜின் ஒன்றின் அடிச்சட்டத்தின்மேல் நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.-2 டீசல் இன்ஜின் போல வர்ணம் தீட்டிய வண்டி. 2,600 குதிரைத்திறன் கொண்ட அந்த நிஜ இன்ஜின் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓட அனுமதியில்லை. மேஜைமேல் இருந்ததோ, குமிழைக் கடைசி வரை திருப்பினால் அதன் இரட்டிப்பு வேகத்தில் பறந்தது. பேரன் திருப்பினான், எல்லாக் குழந்தைகளையும்போல. என் கை தானாகவே மேஜை விளிம்பில் தடுப்பாகப் போய் நின்றது. மகன் சிரித்துக்கொண்டு, “இருங்கப்பா, சி.வி. அஞ்சைக் குறைச்சிடலாம்” என்றான்.

அன்று சாயங்காலம் மூன்று தலைமுறையும் அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்து செய்த காரியத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன். நேரான தண்டவாளத்தில் ஒரு மீட்டரை அளந்து இரு முனைகளிலும் சாக்குக்கட்டியால் கோடு போட்டோம். இந்த 1:87 அளவில், வண்டி ஒரு மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறதோ அதைக் கொண்டு 313-ஐ வகுத்தால், நிஜ ரயிலானால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற விடை கிடைத்துவிடும். 87-ஐ 3.6-ஆல் பெருக்கி வந்த எண் அது. 120 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரை 2.6 விநாடியில் கடக்க வேண்டும். பேரன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்ஜினின் முகப்பு முதல் கோட்டைத் தொட்டதும் “ஸ்டார்ட்” என்று கத்தினான். மகன் ஐந்தாவது அறையில் எண்களை மாற்றி மாற்றி எழுதினான், நான் வகுத்துச் சொன்னேன். 255 என்பது முழு வேகம். கடைசியில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஓரிடத்தில் நாங்கள் தேடிய 120 வந்து நின்றது. அதற்கேற்ப நடு வேகத்தையும் இறக்கினோம், இல்லாவிட்டால் குமிழின் முதல் பாதியிலேயே வேகம் எல்லாம் வந்துவிடும்.

இங்கேதான் அப்பாவின் திருகாணிக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிரத்யட்சமாயிற்று. பேரன் குமிழைக் கடைசி வரை திருப்பினான். அது இடித்து நிற்கவில்லை. 128 படிகளும் அவனுக்குக் கிடைத்தன. முன்பு பாதிப் படிகள் பிரயோஜனமற்ற வேகத்துக்கு வீணானது போக, இப்போது எல்லாப் படிகளும் சூன்யத்துக்கும் 120-க்கும் நடுவே நெருக்கமாகப் பரவிக்கொண்டன. வேகத்தைக் குறைத்ததால் அவன் கைக்கு இடம் அதிகமாயிற்று. பித்தளைப் பட்டையால் செய்ய முடியாதது இது. பெட்டிகளைக் கூட்டியும் குறைத்தும், புத்தகங்களை அடுக்கி ஏற்றம் வைத்தும் பார்த்தோம். வேகம் அநேகமாக மாறவில்லை. டிகோடர் மிகச் சிறு இடைவெளிகளில் மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்தி, அது சுழலும் சுழற்சியில் தானே உண்டாக்கும் வோல்டேஜை அளந்து, வேகம் குறைந்திருந்தால் கூட்டியும், கூடியிருந்தால் குறைத்தும் கொடுக்கிறது. எடைக்கட்டியும் ஸ்பிரிங்கும் இல்லையே தவிர, ஆயுத பூஜையன்று நான் பார்த்த கவர்னரின் வேலைதான் அது. நகத்தளவு பலகைக்குள் அது இருப்பதை அப்பா பார்த்திருந்தால் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு வெகு நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் பழைய முறையின் பக்கம் என் மனம் சாய்கிறது. ஈய முத்திரை கண்ணுக்குத் தெரியும். ஐந்தாவது அறையின் எண் தெரியாது. எல்லை இருக்கிறது, அது இன்ன காரணத்துக்காக வைக்கப்பட்டது என்று குழந்தைக்குச் சொல்லாமல் அதை ரகசியமாக வைப்பது எனக்கு உசிதமாகப்படவில்லை. 2015 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் பெரும்பாலான சரக்கு வாகனங்களுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு என்றால், அது வண்டியில் இருப்பது டிரைவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கு மேலே பல்சக்கரப் பாதையில் 13 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என்பது இன்ஜினை ஓட்டுகிறவருக்கு மனப்பாடம். ஆகவே பேரனுக்கு எல்லாவற்றையும் சொன்னோம். அவன் கேட்டுவிட்டு, தன்னுடைய இன்னொரு சின்ன இன்ஜினைக் கொண்டுவந்து, “தாத்தா, இது ஷண்டிங் இன்ஜின். இதுக்கு எவ்வளவு?” என்றான். நிலைய எல்லைக்குள் ஷண்டிங் வேகம் 15 கிலோமீட்டர்தான் என்று மகன் சொல்ல, ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு 21 விநாடி ஆகுமென்று கணக்குப் போட்டோம். அவ்வளவு மெதுவான ஓட்டத்தில் பையனுக்குச் சலிப்புத் தட்டிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். அவன் கன்னத்தை மேஜையில் வைத்து, கொக்கியும் கொக்கியும் சந்திக்கும் அந்த ஓர் அங்குலத்தை மூச்சுவிடாமல் பார்த்தான். பெட்டி அசையாமல் கோத்துக்கொண்டபோது, அடுத்ததற்கு அவன் கை தானாகவே குமிழைப் பாதியில் நிறுத்தியது.

இதே காரியத்தைச் செய்ய எண்ணும் தாத்தா பாட்டிகளுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். வேகம் கூடுவதற்கும் குறைவதற்குமான தாமதத்தை மூன்றாவது, நான்காவது அறைகள் தீர்மானிக்கின்றன. நான்காவதில் பெரிய எண்ணை வைத்துவிட்டால் குழந்தை குமிழைச் சூன்யத்துக்குத் திருப்பிய பிறகும் வண்டி வெகுதூரம் போகும், ஆகவே அதில் சிறிய எண்ணே போதும். சில டிகோடர்களில் உச்ச எண் 255-க்குப் பதில் 63 என்று இருக்கும். கூட வந்த தாளைப் படித்துப் பாருங்கள். ஐந்தாவதில் 0 அல்லது 1 என்று எழுதினால் வண்டி நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம், எல்லையே இல்லை என்பது அதன் பொருள். எந்த எண்ணையும் மாற்றுவதற்கு முன் பழைய எண்ணையும், மாற்றியபின் புதிய எண்ணையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஏதோ கோளாறு என்று யாராவது எட்டாவது அறையில் 8 என்று எழுதினால், பல டிகோடர்களில் முகவரி மறுபடி 3 ஆகிவிடும். நீங்கள் வைத்த வேக எல்லையும் அதோடு அழிந்து, இன்ஜின் பழைய முழு வேகத்துக்கே திரும்பிவிடும்.